பல்லி விழாத கலர்

எர்ரசந்திரத்துக் கலர் திருவிழா நூற்றாண்டுப் பழமை கொண்டது என்று வருடந்தோறும் நோட்டீஸில் அச்சாகிறது. அதைத் தொடங்கி வைத்த சரஸ்வதிக்கு நாற்பத்தேழு வயது. இந்த இரண்டு தகவலையும் ஊர் ஒரே மூச்சில் சொல்லும், இரண்டையும் நம்பும்.

பேரிகை ரோட்டில் ஓசூர் பஸ் நின்று போகிற சிறிய ஊர். தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டிவிட்டுப் போவார்கள். வைகாசி இரண்டாம் ஞாயிறன்று பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு, வந்தவர் போனவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கலர் இலவசம். ஆரஞ்சு, திராட்சை, பன்னீர், மாம்பழம். சாமி கிடையாது, தேர் கிடையாது. அது குறையாகப் பட்டதால், தாகத்தோடு வந்த ஒரு முனிவருக்கு ஊரார் பழச்சாறு கொடுத்த கதையொன்றை விழாக் குழுச் செயலாளர் வெஸ்லின் போன வருடம் எழுதிச் சேர்த்தார். வெஸ்லினுக்கு சிப்காட் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. சந்தேகமான எதையும் கேட்டைத் தாண்ட விடாதவர். முனிவர் மட்டும் எப்படியோ தப்பிவிட்டார்.

உண்மையில் தாகத்தோடு வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார்.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. மாப்பிள்ளை அதே ஊர் வடக்குத் தெருத் திம்மப்பன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கும் குலதெய்வத்திடம் பூ கேட்டுவிட்டு, பன்னிரண்டு பேர் திறந்த டெம்போவில் நின்றபடியே உச்சி வெயிலில் சரஸ்வதியைப் பெண் பார்க்க வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கலர் உடைத்துக் கொடுப்பார்கள். பெண் பிடித்திருந்தால் குடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால், "வயிறு சரியில்லைங்க" என்று பாட்டிலைத் தொடாமல் எழுந்துவிட வேண்டும். யார் மனமும் நோகாமல் மறுப்பதற்கு இதைவிட நாகரிகமான வழியை எந்த நாடும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. குடித்துவிட்டு மறுப்பது மட்டும் கூடாது. அது தாலி கட்டிவிட்டு மறுப்பதற்கு ஒரு படிதான் கீழே.

சரஸ்வதி அறையிலிருந்து வெளியே வருவதற்குள் பன்னிரண்டு பாட்டிலும் காலி. பெண்ணைப் பார்க்காமலே சம்மதித்துவிட்டார்கள். வெயில் அப்படி.

பத்து நாளில் மாலூரிலிருந்து இன்னொரு வரன் வந்தது, தண்ணீர் வற்றாத போர்வெல்லோடு. திம்மப்பன் வீட்டார் யோசித்தார்கள். குடித்தது குடித்ததுதான், அதை எப்படிக் குடிக்காததாக ஆக்குவது? கடைசி பாட்டிலின் அடியில் பல்லி செத்துக் கிடந்தது என்று திம்மப்பன் சொன்னார். பல்லி விழுந்த கலர் கணக்கில் சேராது என்று பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட வாந்தி வரவில்லையே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பல்லி தமிழில் டீக்கடைக்குப் போனது, தெலுங்கில் சந்தைக்குப் போனது, கன்னடத்தில் மாலூர் சம்பந்தி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு சரஸ்வதியைப் பார்க்க நான்கு குடும்பங்கள் வந்தன. நான்கு குடும்பத்துக்கும் வயிறு சரியில்லை.

"விடும்மா, ஊரு மறந்துரும்" என்றார் அப்பா சென்னப்பன்.

"நான் மறக்க உட்டாத்தானேப்பா" என்றாள் சரஸ்வதி.

கல்யாணத்துக்கென்று செய்து வைத்திருந்த நகைகளை விற்று, கிருஷ்ணகிரியில் யாரோ கைவிட்ட சோடா மெஷினை வாங்கி வந்தாள். ஒரு மெஷினும் இரண்டு தொட்டியும் இருந்தால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் கம்பெனி. அடுத்த வைகாசியில், அவளைப் பெண் பார்த்த அதே ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு முப்பது பாட்டில் அடுக்கினாள். ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். முதல் பாட்டிலைத் தானே குடித்தாள். உள்ளூர்க்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஓசூர் பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார், குடித்தார், கண்டக்டர் குடித்தார், பஸ்ஸே குடித்தது. தாகத்துக்கு உள்ளூர்ச் சரித்திரம் தெரியாது.

அப்படித்தான் வளர்ந்தது விழா. மூன்றாம் வருடம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நின்றார்கள், ஐந்தாம் வருடம் மாம்பழ லாரிகள் நின்றன, பத்தாம் வருடம் குழு அமைந்தது, அதற்கு ரசீதுப் புத்தகமும் கோஷ்டியும் வந்தன. சரஸ்வதிக்குத் தாராள மனசு என்று ஊர் சொல்லத் தொடங்கியது. அந்த மனசில் இருபத்தைந்து வருடமாக ஒரே ஆள்தான் குடியிருந்தார். காதலித்திருந்தால்கூட ஒரு மனிதனை இத்தனை ஒழுங்காக நினைத்துக்கொண்டிருக்க முடியாது. நோட்டீஸ் அச்சாகி வந்ததும் முதல் பிரதி திம்மப்பன் வீட்டுக்குத்தான் போகும். நோட்டீஸ் வந்ததும் அவர் மாலூருக்குக் கிளம்பிவிடுவார். மாமியார் வீட்டின் மேல் இவ்வளவு பாசம் வைத்த மருமகனை மாலூர் அதுவரை பார்த்ததில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பல்லி இல்லை என்று அவர் வாயால், ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் திம்மப்பனால் மாலூருக்குப் போக முடியவில்லை. ஹாலோபிளாக் போட்டுச் சம்பாதித்தவர், இப்போது வியாபாரிகள் சங்கத் தலைவர். அடுத்து ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிற யோசனை. வெஸ்லின் சோடா கம்பெனிக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்த வருசம் மொத பாட்டில சங்கத் தலைவர் கையில குடுக்கறதா பேசியிருக்கோம்."

பாட்டில் கழுவிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் மேகலாவின் கை நின்றது. சரஸ்வதியின் கை நிற்கவில்லை.

"திம்மப்பனா? வரட்டுமே. மைக் செட்டு நல்லதாச் சொல்லியிருக்கியா?"

"சொல்லியாச்சுக்கா. ஆனா அவருக்குச் சுகரு. குடிக்க மாட்டாராம். சும்மா கையில புடிச்சிக்கினு போட்டோவுக்கு நிப்பாராம்."

"வெறும் சோடாவுல ஏதுப்பா சுகரு? அவருக்குன்னு தனியாப் போட்டு வெக்கிறேன்னு சொல்லு."

வெஸ்லின் நிம்மதியாகப் போனார். மேகலாவுக்கு நிம்மதி இல்லை. அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அவரு பாட்டில்ல பேதி மாத்திரை கீத்திரை..."

"சீ, கழுதை! என் பாட்டில்ல நானே ஒண்ணு போட்டா, அவன் சொன்னது நெசமாயிடும்டி."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் திம்மப்பன் வெள்ளை வேட்டியில் வந்தார். மனைவி சுசித்ராவும், மாலூரிலிருந்து அவளுடைய அண்ணன்கள் இருவரும் கூட வந்திருந்தார்கள். வரிசை ரோட்டைத் தாண்டி ஹாலோபிளாக் யார்டு வரை போயிருந்தது. எப்படியும் நானூறு பேர். திம்மப்பன் மைக்கைப் பிடித்து முனிவரின் தாகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பேசி முடித்துக் கையை நீட்டினார். சரஸ்வதி சோடாவைக் கொடுக்காமல் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"குடுக்கறேங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இருபத்தஞ்சி வருசத்துக்கு முன்னாடி எங்கூட்டுல பன்னெண்டு பேரு கலர் குடிச்சீங்களே, அதுல பல்லி கெடந்துச்சா?"

திம்மப்பன் சிரிக்கப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு சரஸ்வதி? பழைய கதை."

"பழசுதாங்க. நூறு வருசப் பழசுன்னு நோட்டீசுலயே போட்டிருக்குது. கெடந்துச்சா, இல்லியா?"

திம்மப்பன் கணக்குப் போட்டார். கிடந்தது என்றால், சரஸ்வதி கையால் இத்தனை வருடம் வாங்கிக் குடித்த நானூறு பேரின் வயிற்றைப் புரட்ட வேண்டும். கிடக்கவில்லை என்றால் தன்னைப் புரட்ட வேண்டும். நானூறு பேருக்கும் ஓட்டு இருந்தது.

"சீக்கிரம் சொல்லுண்ணா, மண்டை காயுது!" என்று வரிசையிலிருந்து ஒரு லாரி டிரைவர் கத்தினார்.

"இல்ல" என்றார் திம்மப்பன்.

சரஸ்வதி மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். "இதுல."

"பல்லி இல்ல."

"சந்தையில தெலுங்குல சொன்னீங்க. அவங்களுக்கும் சொல்லிடுங்க."

"பல்லி லேது."

"மாலூருக்கு?"

இங்கே திம்மப்பன் நின்றுவிட்டார். கன்னடத்துப் பல்லியை நம்பித்தான் மாலூர்க்காரர்கள் பெண் கொடுத்தார்கள். மைத்துனர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். சுசித்ரா தரையைப் பார்க்கவில்லை. இத்தனை வருடமாகக் குடும்ப விசேஷங்களில் அந்தப் பல்லிக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள்.

"ஜோராகி ஹேள்ரீ!" என்றாள். உரக்கச் சொல்லச் சொன்னாள்.

"ஹல்லி இரலில்லா" என்றார் திம்மப்பன். உரக்கத்தான் சொன்னார். அவர் சொன்ன மூன்றில் அதுதான் தெளிவாகக் கேட்டது.

யாரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும், "அப்ப நம்மளும் சும்மாத்தானா அன்னிக்கித் தலைய ஆட்டினோம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். திம்மப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கையை நீட்டினார். கேட்டதைச் சொல்லியாயிற்று, இனி பாட்டில் வர வேண்டியதுதான் நியாயம்.

சரஸ்வதி அந்தப் பாட்டிலை வரிசையில் முதலில் நின்ற செக்யூரிட்டிக்காரரிடம் கொடுத்தாள்.

"வரிசை அந்தப் பக்கங்க" என்றாள் திம்மப்பனிடம்.

திம்மப்பன் வெஸ்லினைப் பார்த்தார். வெஸ்லின் மைக் ஒயரில் ஏதோ கோளாறு கண்டுபிடித்துக் குனிந்துவிட்டார். காரில் ஏறிப் போயிருக்கலாம். ஆனால் பொய் சொன்னவனை மன்னிக்கிற ஊர், இலவசக் கலரை மறுத்துவிட்டுப் போகிறவனை மன்னிக்காது. இது அவருக்கும் தெரியும். வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நானூறு பேரைக் கடந்து நடந்து, தன் சொந்த யார்டின் முன்னால் கடைசி ஆளாகப் போய் நின்றார். அங்கே பந்தலும் இல்லை, மரமும் இல்லை. அதற்குள் சுசித்ராவைப் பெண்கள் வரிசையில் முன்னால் விட்டுவிட்டார்கள். திராட்சைக் கலரை வாங்கிக் குடித்தபடி கணவர் நிற்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகலா இரண்டு இரண்டு பெட்டியாகத் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். "சீக்கிரம் முடிச்சிரலாம்க்கா, எல்லாம் வெயில்ல நிக்கறாங்க" என்றாள்.

சரஸ்வதி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலை எடுத்தாள், துடைத்தாள், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், இன்னொரு முறை துடைத்தாள்.

"ஒவ்வொண்ணா எடுத்துக்கினு வாடி" என்றாள். "மணி பதினொண்ணரைதானே ஆவுது? வெயிலு இன்னும் நல்லா ஏறட்டும்."