மாமனாரின் காதும் சென்டர் ஸ்பீக்கரும்

எங்கள் மந்தைவெளி வீட்டு ஹோம் தியேட்டரில் பாட்டும் சண்டையும் அதிரும். பேச்சு மட்டும் மாமனாருக்குப் புரியாது.

"வாய்க்குள்ளயே பேசறாங்க மாப்ளே" என்பார்.

"உங்களுக்குக் காது போச்சு மாமா" என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன்.

இன்று அடையாறில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காதைச் சோதித்து, லேசாகச் சுத்தம் செய்து அனுப்பினார். மாமா செருப்பு மாட்டப் போனதும் டாக்டர் என்னிடம், "அவர் காது உங்க காதை விட நல்லா இருக்கு சார். டிவியைச் செக் பண்ணுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பேச்செல்லாம் வருவது நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான். தெருவில் நடக்கும் மெட்ரோ ரயில் வேலைத் தூசிக்குப் பயந்து, அதை வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் கவரோடு ஷோகேஸில் வைத்துக் கண்ணாடிக் கதவையும் சாத்தியிருந்தது நான்தான்.

மாமா உள்ளே காபி குடிக்கும்போது கவரை உருவி, கதவைத் திறந்துவைத்தேன்.

டிவி போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு எழுத்து விடாம கேக்குது! கைராசிக்கார டாக்டர். நீங்க கூட்டிட்டுப் போனதாலதான் மாப்ளே."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாளை வாக்கிங் நண்பர்களையெல்லாம் அந்த டாக்டரிடம் அனுப்பப்போகிறாராம். கவரை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது, யாராவது சொல்லுங்கள்.