சாவித் துவாரத்தில் ஒரு தளிர்

காராமணி விதைகளை நான் பசும்பாலில் ஊறவைத்ததே முதற்பிழை. அது பிழை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெறும் தண்ணீரே போதும் என்று பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளில் எழுதியிருந்தது. அந்தத் தாளை, விதைத்து முடித்த பிறகுதான் நான் முழுதாகப் படித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கடம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, நெல்வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தேன். பிறந்து வளர்ந்தது திருவள்ளூரில், பெருமாள் கோயில் கைங்கரியத்தையே வாழ்வாகக் கொண்ட குடும்பத்தில். காலை பாசஞ்சர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய பாசுரங்களை முணுமுணுத்து முடிப்பதற்கும் கடம்பத்தூர் வருவதற்கும் சரியாக இருக்கும். பிறகு வரப்பு வழியே நடை.

அந்தக் கோடையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அறிவியலைப் படித்துக் காட்டக் கூடாது, பிள்ளைகளே கையால் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். முதற்பாடம் செடி. சில விதைகளை வெளிச்சத்திலும் சில விதைகளை இருட்டிலும் வளர்த்து, நாள்தோறும் பார்த்து, படம் வரைந்து, வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டு சொல்ல வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் விதைப்பதில் எனக்கு ஒரு வழிதான் தெரியும்.

எங்கள் கோயிலில் உற்சவம் தொடங்குமுன் பாலிகை தெளிப்பார்கள். பாலிகை என்னும் சிறு மண்கிண்ணங்களில் மண் நிரப்பி, பாலில் கழுவிய நவதானியங்களை மந்திரம் சொல்லித் தூவி மூடி வைப்பார்கள். முளைகள் நேராகச் செழித்து வந்தால் ஊருக்கு நன்மை. கோணலாகவோ கருகியோ வந்தால் தீங்கு. ஒருமுறை ஒரு பாலிகை சரியாக முளைக்கவில்லை என்று கேள்விப்பட்ட அன்று எங்கள் வீட்டில் யாருமே உரக்கப் பேசவில்லை. வயலில் விதை விழுவதை ரயிலிலிருந்து பார்த்திருந்தேனே தவிர, மண்ணருகே உட்கார்ந்து நான் கண்ட விதைப்பு அது ஒன்றுதான்.

ஆகவே பிள்ளைகளையும் அப்படியே விதைக்கச் செய்தேன். கொட்டாங்கச்சிகளில் மண் நிரப்பி எல்லோரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள்.

"யாரும் பேசப்படாது. நன்னா வரணும்னு மனசுல நினைச்சுண்டு போடுங்கோ" என்றேன்.

முப்பத்திரண்டு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் விதைத்தார்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் விதைப்பு என்றால் கூச்சலும் சிரிப்பும் இருக்கும் என்பதை நான் பிறகு அறிந்தேன். அன்று அவர்கள் முகத்தில் இருந்த பயபக்தியை ஒழுக்கம் என்று எண்ணி மகிழ்ந்தேன். அடுத்து, எது யாருடையது என்று குழம்பாமல் இருக்கச் சிறு காகிதத்தில் பெயர் எழுதி, சோற்றுப் பருக்கையால் கொட்டாங்கச்சியில் ஒட்டச் சொன்னேன். "நீங்களும் ஒண்ணு வைங்க டீச்சர்" என்று அவர்கள் கேட்டதால் என் பெயரிலும் ஒன்று வைத்தேன்.

சீட்டுக் குலுக்கிப் பத்துக் கொட்டாங்கச்சிகளை இருட்டுக்கு எடுத்தோம். என்னுடையது உட்பட மற்றவற்றைத் திண்ணையில் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தோம். மூலை அறையில் வருகைப் பதிவேடுகள் வைக்கும் மரப் பீரோ ஒன்று இருந்தது. பதிவேடுகளை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டு, நடுத்தட்டில் பத்தையும் வைத்து நன்றாக நீர் ஊற்றிப் பூட்டினேன்.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். பக்கத்து ஊர்க்காரர். எதையும் கேலி செய்யாமல் விடமாட்டார்.

"இன்னா டீச்சரம்மா, தண்ணி ஊத்துனா ரிஜிஸ்டர்லயே புள்ளைங்க மொளைக்கும்னு பாக்குறீங்களா?"

"ஒன்பதாம் நாள் திறந்து காட்டறேன் சார், பாருங்கோ."

நான்காம் நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, மீண்டும் நீர் விடுவதற்காக ஒருமுறை திறந்தேன். அறையில் வெளிச்சம் குறைவு. மண்ணைப் பிளந்துகொண்டு வளைந்த கழுத்துகள் மட்டும் தெரிந்தன. அவை எல்லாம் ஒரே திசையில் வளைந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. நன்றாகப் பார்க்காமல் பூட்டிவிட்டேன். ஏன் பார்க்கவில்லை என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை.

ஒன்பதாம் நாள் காலை வகுப்பு முழுவதும் பீரோவின் முன் நின்றது. சாவியை நுழைத்தேன். உள்ளே போகவில்லை. துவாரத்தில் ஏதோ மெத்தென்று தடுத்தது. துரு என்று எண்ணி அழுத்தித் திருப்பினேன். ஏதோ நசுங்குவது விரல்களுக்குத் தெரிந்தது. சாவியை வெளியே எடுத்தபோது அதன் நுனி ஈரமாக இருந்தது.

கதவைத் திறந்தேன். பத்துச் செடிகள், பச்சை என்பதே இல்லாமல், மெழுகைப் போல வெளுத்து, இலைகளைக் கூப்பிய கைகளாக மடித்துக்கொண்டு, ஒரு முழத்துக்குக் குறையாத நீளத்தில் நின்றன. எல்லாமே சாவித் துவாரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. அந்தப் பெரிய இருட்டில் அவற்றுக்குக் கிடைத்த ஒரே ஒளி அந்தப் பொட்டளவு துவாரம். ஒன்று மட்டும் துவாரத்துக்குள்ளேயே தலையை நுழைத்திருந்தது. அந்தத் தலையைத்தான் நான் சாவியால் நசுக்கியிருந்தேன்.

அந்தர்யாமியாய் எல்லாவற்றினுள்ளும் இருக்கிறான் என்று நாள்தோறும் ஓதுகிறவள் நான். கண்ணில்லாத ஒன்று கண் இருப்பதைப் போல வழி தேடியிருந்ததைக் கண்டபோது எனக்குள் பக்தி எழவில்லை. கதவை மறுபடி மூடிவிடத்தான் தோன்றியது.

"ஐயே, காமாலை வந்த செடிடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி அந்த நசுங்கிய செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டியிருந்த காகிதத்தைக் குனிந்து படித்தேன். அது அவள் பெயர் அன்று.

"இது யாரோட பேரு?"

"எங்கம்மா பேரு டீச்சர்."

"உன் பேரைத்தானே எழுதச் சொன்னேன்?"

"நல்லா வரணும்னு நெனச்சிக்கினு போடச் சொன்னீங்களே. அம்மாவுக்குப் புள்ள பொறக்கப் போவுதுன்னு அம்மா பேர எழுதினேன்."

விதைத்த அன்று இரவே அவள் தாய்க்கு வீட்டில் பிரசவம் ஆகியிருந்தது. குழந்தை நலம். தாய்க்கு இரத்தப்போக்கு நிற்காமல் வண்டி கட்டித் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இது எதுவும் அதுவரை எனக்குத் தெரியாது. அவள் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

"ஒடம்புல ரத்தமே இல்லன்னு டாக்டரு சொன்னாராம் டீச்சர். வெள்ள வெளேர்னு கீதாம். நைனா சொல்ச்சி" என்றாள். பிறகு செடியைக் காட்டி, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இது செத்துப்பூச்சின்னா அம்மாவும் பூடுமா?"

நான் ஆசிரியை. என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். "அது செடி, அவ்வளவுதான்மா. வெளிச்சம் இல்லாம வளர்ந்தா இப்படித்தான் வெளுக்கும். அதுக்கும் உங்கம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"அப்போ எதுக்குப் பால்ல ஊற வெச்சீங்க?"

முப்பத்திரண்டு முகங்களும் என்னைப் பார்த்தன. பெயர் ஒட்டிய அந்த வரிசையை அவர்கள் ஒன்பது நாளாக என்னவென்று எண்ணியிருந்தார்கள் என்பது அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. இருட்டுக்குப் போன பத்துப் பேரின் விளையாட்டில் மற்றவர்கள் சேராமல் இருந்ததையும் நான் பார்த்திருந்தேன். காரணம் மட்டும் விளங்காமல் இருந்தது.

பத்துச் செடிகளையும் உடனே வெளியே எடுத்துவரச் சொன்னேன். இரண்டாவது பிழை அதுதான். பழகாத உடம்பைப் போல அவற்றையும் நிழலில் சற்று வைத்திருக்க வேண்டும். நான் பதற்றத்தில், நல்ல வெயில் படட்டும் என்று ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். மற்றவை துவண்டாலும் மண்ணோடு நின்றன. தாயின் பெயர் கொண்ட செடி மட்டும், சிறுமி வீட்டுக்குப் போன சிறிது நேரத்தில், நடுத்தண்டில் மடிந்து விழுந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈர நூல் போலக் குழைந்தது.

வண்டிக்கு இன்னும் அரைமணி இருந்தது. மறுநாள் காலை அவள் முதலில் வந்து இதைத்தான் பார்ப்பாள். அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து என்ன செய்தி வந்தாலும் அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த செய்தியாகிவிடும்.

வெளிச்ச வரிசையில் என் பெயரிட்ட கொட்டாங்கச்சி இருந்தது. செடி பச்சையாக, திடமாக நின்றது. என் பெயர்க் காகிதத்தை நகத்தால் கீறி எடுத்தேன். அவள் தாயின் பெயரை ஈரப்படுத்திப் பிரித்து அங்கே ஒட்டினேன். மிகச் சிறிய வேலை. அது செடி, அவ்வளவுதான் என்று காலையில் சொன்னவள் நான்தான். எனினும், என் பெயர்க் காகிதத்தைச் செத்த செடியின்மேல் ஒட்ட என்னால் முடியவில்லை. கிழித்துப் போடவும் முடியவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். செத்த செடியை அடிபம்பு ஓரம் புதைத்தேன்.

வண்டியில் மாலைப் பாசுரங்களைத் தொடங்கினேன். ஐந்து வயதிலிருந்து தவறாத ஓர் அடி அன்று வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது. எதிரே இருந்த கீரைக்காரி, "இன்னாம்மா, மயக்கமா?" என்று கேட்டாள். என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் சிறுமி எனக்கு முன்பே வந்திருந்தாள். கொட்டாங்கச்சியின் முன் உட்கார்ந்து, தன் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். நாள்தோறும் பார்த்து வரையுங்கள் என்று நான்தானே சொல்லியிருந்தேன். தன்னுடையது பீரோவுக்குள் இருந்ததால், அவள் வெளிச்ச வரிசை முழுவதையும் வரைந்திருந்தாள்.

"இது உங்களுது டீச்சர்" என்றாள். "மூணாவது எலையில பூச்சி கடிச்ச ஓட்டை. இதோ, வரைஞ்சிக்கீறேன்."

மறுக்க வாயெடுத்தேன். நோட்டில் அந்த ஓட்டைகூடச் சரியான இடத்தில் இருந்தது.

"எங்கம்மாது செத்துப்பூச்சா?"

"ஆமாம்மா."

அவள் அழவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்தாள். "உங்களுத எங்கம்மாவுக்குக் குடுத்துட்டீங்க. அப்போ உங்களுக்கு?"

"எனக்குப் பெருமாள் இருக்கார்."

"எங்கம்மாவுக்கு இல்லியா?"

வாழ்நாள் முழுவதும் கேட்ட உபந்நியாசங்களில் எதிலும் என்னை இப்படி யாரும் நிறுத்தியதில்லை. "அவளுக்கும் இருக்கார்" என்றேன்.

"அப்போ ரெண்டு பேரும் இதுலயே இருங்க" என்று சொல்லிவிட்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, தாயின் பெயருக்குக் கீழே அதே காகிதத்தில் என் பெயரை எழுதினாள். அன்று முதல் காலையும் மாலையும் அவளே நீர் ஊற்றினாள். மற்றப் பிள்ளைகள் யாரும் அதைத் தொடவில்லை. தலைமையாசிரியர் ஒருநாள் அதைப் பார்த்து ஏதோ கேலி சொல்ல வந்தவர், இரண்டு பெயர்களையும் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பினார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தத் தாய் பள்ளிக்கு வந்தாள். கையில் குழந்தை, வெளுப்பு முற்றும் போகாத முகம். வேலியோரம் மாற்றி நட்டிருந்த செடி அதற்குள் வேலியில் ஏறிப் பூத்திருந்தது. மகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போலும். தாய் கொடியை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மூடி பூட்டி வெச்சிருந்தீங்களாமே டீச்சர், ஒம்போது நாளு" என்றாள். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. "அங்க ஆஸ்பத்திரில எனக்குக் கண்ணே தெரியல. ஒரே இருட்டு. எங்கியோ தூரத்துல மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். அதையே பாத்துக்கினு கெடந்தேன்."

இரத்தம் குறைந்தால் கண் இருட்டும். அது உடலின் இயல்பு. அதை அவளுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகத் தலையசைத்துக் கேட்டாள்.

அந்த இருட்டு எந்த நாள் காலையில் விலகியது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டேன்.