பாதி வழி

அஃப்ராகோமா அசாந்தி இனக் குடும்பத்துப் பெண்தான். ஆனால் தலைநகர் அக்ராவில் வளர்ந்தவள். வீட்டுப் பேச்சு வரும், வீட்டு வழக்கம் வராது. குமாசிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், பொசும்ட்வி ஏரித் தண்ணீரைச் சோதனைக்குப் புட்டியில் பிடித்துப் போக வந்தவள், முதல் நாளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் மீனுக்குப் புகை போடும் கொனாடுவின் முற்றத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கிளம்பும்போது, "வழி கொடுங்க, போறேன்" என்று முறைப்படிதான் கேட்டாள்.

"பாதி வழி கொடுத்தாச்சு. போ."

மகராசி, அத்தோடு போயிருக்கலாம் இல்லையா? "அது என்ன பாதி? முழுசாவே கொடுத்துடுங்க. வேலை முடிஞ்சுது, இனி வரமாட்டேன்" என்று சிரித்தாள்.

முற்றத்தில் மீன் திருப்பிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"முழு வழியா? திரும்பி வர்றவங்களுக்குப் பாதிதான். முழுசு பொட்டியில படுத்துட்டுப் போறவங்களுக்கு" என்றாள் கொனாடு. "உனக்கு என்ன அவசரம், டீச்சரம்மா?" பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அஃப்ராகோமாவுக்கு மானம் போயிற்று.

அன்று ராத்திரி பிடித்தது ஒரு கனவு. செம்மண் சாலை ஏரியை நோக்கிப் போய்ப் பாதியில் பனிக்குள் நின்றுவிடும். அதற்கப்பால் மீன் புகை வாசம் மட்டும் வரும். விழித்தால் சனிக்கிழமையாக இருக்கும், கால் தானாகப் பேருந்து நிலையத்துக்கு நடக்கும். அங்கே போனால் கனவு தீர்ந்ததா? அதுதான் இல்லை. பலகை மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவியபடி மீனவர்கள் பனிக்குள் மிதப்பார்கள். நகர்வது ஆளா ஏரியா என்று தெரியாது. ஏரியின் அடித்தண்ணீர் புரண்டு வெடிமருந்து வாசம் கிளம்பும் சமயங்களில், மீன் சாகுமுன் எச்சரிக்க, தண்ணீரைச் சோதிக்க அவள் கொண்டுவரும் கருவி உதவியது. மற்ற நாட்களில் கொனாடுவோடு சேர்ந்து சும்மா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பதவி உயர்வுக் குழுவுக்கு அந்தச் சந்தோஷம் புரியுமா?

"ஓயாம அங்க போறியே, எதும்மா உன்ன இழுக்குது?" என்று கேட்டார் துறைத்தலைவர் போவாட்டெங். "கட்டுரை எழுதினா பேராசிரியர் ஆகலாம். மீன் திருப்பினா என்ன ஆகலாம்?" குழுவே சிரித்தது. உயர்வு இல்லை என்றார்கள். இப்படியே போனால் வேலையும் இல்லை என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை கொனாடு தண்ணீர் கொடுத்தாள். வழக்கம்போல, "இங்க எல்லாரும் சுகம். நீ வந்த சேதி என்ன?" என்று கேட்டாள்.

பேருந்தில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான். ஆனாலும் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னாள். "முழு வழி கொடு, கொனாடு. இந்தத் தடவ தெரிஞ்சேதான் கேக்குறேன். இனி வர முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. கொனாடு புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போடி! என்கிட்ட இருக்கறதே மிச்சப் பாதி. அதுலயும் பாதிதான் தருவேன். முழுசா வேணும்னா கெழவியாகி இங்கயே வந்து சாவு."

திங்கட்கிழமை அவள் போவாட்டெங்கின் அறைக்குப் போனாள். "எது இழுக்குதுன்னு கேட்டீங்களே சார். என் வழியில பாதி அங்க மீன் புகை போடுற கொனாடுகிட்ட இருக்கு."

போவாட்டெங்கும் அசாந்திக்காரர், அந்த வழக்கம் தெரிந்தவர். பேனாவை மூடினார். பிறந்த ஊருக்குப் போய் வெகு காலமாயிற்று அவருக்கு.

"முழுசாக் கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன் சார். தரமாட்டேன்னுட்டா."

"நல்லவேளை" என்றார்.