எட்டு, முப்பத்தைந்து

தெல்தோட்டை ஹபீலாவுக்கு ஒரு பொல்லாத பழக்கம். எந்தச் சாமானையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். தையல் மெஷின், மின்விசிறி, கணவர் முஹ்ஸினின் கைக்கடிகாரம் என்று அவள் கைக்குத் தப்பியது எதுவுமில்லை. முக்கால்வாசியைத் திருப்பிப் பூட்டியும் விட்டாள். மிச்சத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கடைசியாகக் கைவைத்தது தொலைபேசி வயரில் ஓடும் இன்டர்நெட் ரவுட்டரில். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் எட்டு, முப்பத்தைந்து என்று இரண்டு எண்கள் இருந்தன. பக்கத்து வீட்டு அனீஸாவின் ரவுட்டரிலும் அதே எண்கள்தான். ஒரே வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் இருந்தால் குழம்பாதா? நெட் இழுப்பதற்கு இதுதான் காரணமென்று தானே தீர்ப்புச் சொல்லி, முப்பத்தைந்தை முப்பத்தாறாக்கினாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மதியம் கரண்ட் போய் வந்து ரவுட்டர் புதிதாகத் தொடங்கியதும் நெட் அடியோடு நின்றது.

மகள் ஆஸிகாவுக்கு மூன்று மணிக்குக் கொழும்புக் கல்லூரியோடு வீடியோவில் நேர்முகப் பரீட்சை. எலக்ட்ரோனிக்ஸ் படிக்க அவளுக்கு இருந்த ஒரே வாய்ப்பு அது. வீடு இருந்த பள்ளத்தில் மொபைல் சிக்னல் கிடையாது. மணி இரண்டரை.

நல்லவேளை, தொலைபேசி வேலை செய்தது. ஹபீலா அழைத்ததும் தொலைபேசிக் கம்பனியின் கண்டி அலுவலகத்தில் துஷ்யந்தி என்ற பெண் எடுத்தாள்.

"ரவுட்டர்ல எட்டு, முப்பத்தஞ்சுன்னு இருக்குற ரெண்டு நம்பரை யாராச்சும் மாத்துனீங்களா அக்கா?"

ரிசீவரில் காதை ஒட்டிக் கேட்ட ஆஸிகா உம்மாவையே பார்த்தாள்.

"நான்தான் மாத்தின. பக்கத்து வீட்டுலயும் அதே நம்பர் ஈக்கிதே, மிஸ்!"

"அவங்க வயரு வேற, உங்க வயரு வேற. முட்டிக்காது. அந்த நம்பர் உங்க வீட்டுலேருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரைக்குந்தான். தெல்தோட்டை பஸ் டிக்கெட் கண்டியோட முடிஞ்சிருதுல்ல, அது மாதிரி. இந்த வயர்ல எட்டு, முப்பத்தஞ்சுன்னு வந்தா, அடுத்த தூரத்துக்கு வேற நம்பர் மாட்டி அனுப்பச் சொல்லி எக்ஸ்சேஞ்ச்ல முன்கூட்டியே பதிஞ்சு வச்சிருக்கோம். முப்பத்தாறு அதுல இல்ல. அதான் எல்லாத்தையும் வீசிருது."

ஆஸிகா அதற்குள் எண்ணைத் திருத்தி, ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டாள். ஹபீலா ரிசீவரை வைக்கவில்லை.

"அப்ப கொழும்புக்குப் போய்ச் சேரக்குள்ள என்ட நம்பர் என்ன மிஸ்?"

"உம்மா! மணி!"

பச்சை விளக்கு எரிந்தபோது மூன்றாக நான்கு நிமிடம். ஹபீலா திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றாள். ஏன் இந்தப் படிப்பு என்று கணினிக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"எங்கட உம்மா எதையும் கழட்டாம விடமாட்டா, சேர்," என்றாள் ஆஸிகா. "திருப்பிப் பூட்ட வீட்டுல ஒரு ஆள் வேணும்."