அவளை உட்காரச் சொன்னேன்

எழுபதுகளின் கடைசி. பிச்சாட்டூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். வயது முப்பதுதான், வாய் மட்டும் ஊருக்குப் பெரியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் புங்கமரத்தடியில் கூடுவார்கள். அவர்களுக்கு நான்தான் பொறுப்பு.

அந்த வருஷம் பிள்ளைகளாகவே ஒரு வேலையைக் கையில் எடுத்தார்கள். எங்கள் காலனிக்குக் குடிதண்ணீர், மலையடியில் இருந்த ஓர் ஊற்றுதான். மாடு வைத்திருப்பவர்கள் பங்குனியில் மலைப்புல்லுக்குத் தீ வைப்பது வழக்கம். காய்ந்தது எரிந்தால்தான் மழைக்குப் புதுப்புல் துளிர்க்கும் என்பார்கள். எரிந்த சரிவில் மழை பெய்ததும் கரியும் மண்ணும் இறங்கி ஊற்றை மூடிவிடும். அப்புறம் எங்கள் பெண்கள் குடத்தோடு ஊர்க்கிணறுகளில் போய்க் கெஞ்சி நிற்கவேண்டும். இதைக் கவனித்துச் சொன்னவள் பதினேழு வயதுப் பெண். புல்லுக்கட்டு விற்றுப் பிழைக்கும் வீட்டில் பிறந்தவள். எந்தப் பாறைக்குப் பின்னால் என்ன புல் என்று அவளுக்கு அத்துப்படி. ஊற்றுக்கு மேலே இருக்கும் சரிவை மட்டுமாவது காப்பாற்றவேண்டும் என்று மற்றப் பிள்ளைகளைச் சேர்த்தவளும் அவள்தான்.

மாசியில் ஊர்க்கூட்டம் நடந்தது. அவள் எழுந்தாள். "பெரியவங்களே..." என்று தொடங்கும்போதே குரல் நடுங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. "நீ உட்காரும்மா, நான் பேசறேன்" என்றேன். பேசினேன், பேசினேன், அரைமணி நேரம் பேசினேன். போதாதென்று, "இனிமே யாராச்சும் தீ வச்சா ஃபாரஸ்ட் ரேஞ்சருக்கு எழுதிப் போட்டுடுவேன்" என்று முடித்தேன்.

மாட்டுக்காரர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஏமி அய்யோரே, மெரட்றியா? எங்க மாடு இன்னாத்த துன்னும், உன் சாக்பீஸயா?" கூட்டம் சிரித்தபடி கலைந்தது. நானோ நன்றாகப் பேசிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பங்குனி பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. மறுநாள் மத்தியானமே ஊற்றுச் சரிவில் புகை கிளம்பியது, வேண்டுமென்றே வைத்த தீ. பிள்ளைகள் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு, அடித்து அணைக்க ஓடினார்கள். நான் மூச்சிரைக்க ஏறிப் போவதற்குள் சரிவு முழுக்கக் கருகிவிட்டது. அந்தப் பெண் பாறையில் சறுக்கி விழுந்து, வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

அவள் நைனாவும் நானும் அவளைக் கட்டுப் போட புத்தூருக்கு அழைத்துப் போனோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் நைனா எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டி முடித்து, திரும்பி வர பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "அன்னிக்கு நீ என்னம்மா சொல்ல வந்தே?"

"தீயே வெக்காதீங்கன்னு சொல்ல வர்ல சார். ஊத்துப் பக்கம் காஞ்ச புல்ல நீங்க தீ வெக்கறதுக்கு முன்னாடியே நாங்க அறுத்துடறோம், நீங்க மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் எரிச்சிக்கோங்க, அறுத்த தூர்லயும் உங்க மாட்டுக்குத் துளிரு வரும்னு சொல்லலாம்னு இருந்தேன். நான் அறுத்த எடத்துல வந்துக்கினுதான் இருக்குது சார், என் கண்ணால பாத்துக்கிறேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. ஒரு மாட்டுக்காரனாவது வேண்டாம் என்று சொல்லியிருப்பானா அதற்கு?

அந்த மழைக்கும் ஊற்று மூடிக்கொண்டது. அடுத்த தை மாதம் மறுபடி கூட்டம் கூட்டச் சொல்லிக் கேட்டாள். கை கூடியிருந்தது. "இந்தத் தபா நான் பேசறேன் சார்" என்று மட்டும் சொன்னாள். நான் கடைசியில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். குரல் அப்போதும் நடுங்கியது. ஆனால் ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அதே பெரியவர்தான் பதில் சொன்னார். குரலில் கோபமே இல்லை. "சரிம்மா, ஒரு வருசம் பாக்கலாம். இத போன வருசமே சொல்லியிருந்தா கைய ஒடச்சிக்கினு இருக்க வேணாமே. ஏன் சொல்லல?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. "அப்ப எனக்குப் பேச தைரியம் வர்ல அய்யா" என்றாள்.

நான் எழுந்து, "அவள் பேசத்தான் எழுந்தாள், நான்தான் உட்காரவைத்தேன்" என்று சொல்லியிருக்கவேண்டும். அரைமணி நேரம் பேசத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்தும் கெட்டேன், மூடியும் கெட்டேன்.

பிள்ளைகள் அரிவாளோடு ஏறி, தை முடிவதற்குள் சரிவு முழுவதையும் அறுத்துவிட்டார்கள். பங்குனியில் மலையின் அந்தப் பக்கம் மட்டும் எரிந்தது. ஊற்றில் தண்ணீர் நின்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். பிள்ளைகள் யாராவது பேச எழுந்து தடுமாறினால் இன்றும் எனக்கு நாக்கு துறுதுறுக்கும். உடனே மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய அந்தக் கை கண்ணுக்கு முன்னால் வரும், பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் அவள் எனக்காகத் தன் தலையில் போட்டுக்கொண்ட பழி பொய் என்று, நான் வாய் திறந்து சொல்வது இதுதான் முதல் தடவை.