சிநேகிதனுக்காகக் கேட்ட கேள்வி

வேன்காரி என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். முக்காட்டை இறுக்கி ஊக்குக் குத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாளென்றால் எதிரே வரும் லாரிக்காரனே ஓரம் கட்டுவான். வண்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒன்று அழும், ஒன்று வாந்தியெடுக்கும், ஒன்று செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசும். அத்தனையையும் கண்ணாடியில் பார்த்தபடியே அதட்டி, சிரிக்க வைத்து, பத்திரமாக வீடு சேர்ப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கும் வீட்டுக்குள் ஒரு கண்டம் காத்திருந்தது.

அவளுடைய மூன்று பிள்ளைகளும் வயிற்றைக் கிழித்துத்தான் வெளியே வந்தன. மூன்றாவதற்கு ரத்தம் நிற்காமல் போய் உயிர் ஊசலாடியது. பிழைத்து எழுந்ததும் டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "கர்ப்பப்பை காகிதமா இருக்கும்மா. இன்னொண்ணு தங்கினா உன்னைக் காப்பாத்த முடியும்னு என்னால சொல்ல முடியாது."

கருத்தடை ஆபரேஷன் என்று பேச்சு எழுந்தது. அவள் கணவர் பஞ்சர் கடைக்காரர். தங்கமான மனிதர், வாயில்லாப் பூச்சி. ஓடிப்போய்ப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தார். "மார்க்கத்துல கூடாதாம்" என்றார். வீடு திரும்பியதும் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். முதுகுவலியாம், தனியாகத் தரையில்தான் படுக்க வேண்டுமாம்.

பிள்ளை தவழ்ந்தது, எழுந்தது, நடக்கவும் ஆரம்பித்தது. அந்த முதுகுவலி மட்டும் தீர்ந்தபாடில்லை. அவளுக்குக் காரணம் தெரியாதா என்ன? எங்கே தன்னால் அவள் செத்துப்போவாளோ என்று பயந்துதான் மனுஷன் தள்ளிப் படுக்கிறார். தெரிந்தும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பக்கத்தில் அவருடைய மூச்சுச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. கட்டின புருஷன்மேல் ஆசைதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மாமியாருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

"நாலாவது எப்போ? மரம் வச்சவன் தண்ணி ஊத்த மாட்டானா? சோத்துக்குப் பயந்து பிள்ளையை வேண்டாங்கிறது பாவம்."

"சோத்துக்கு யாரு மாமி பயந்தா? நானும் சம்பாதிக்கிறேன், உங்க மகனும் சம்பாதிக்கிறாரு. நான் என் உசுருக்குப் பயப்படுறேன்."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. என் மகன் அப்படி ஒண்ணும் சொல்லலையே! உசுரு அல்லாஹ் கையில."

"என் வண்டியும் அவன் கையிலதான் மாமி. அதுக்காக நான் பிரேக் பிடிக்காம ஓட்டினா நீங்க ஏறுவீங்களா?"

மாமி அந்தப் பேச்சை விட்டார். அதுவும் அரை நாளைக்குத்தான்.

டாக்டரம்மாவே ஒருமுறை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "யாருக்கும் சொல்லாம வா. காப்பர் டி போட்டுவிடறேன். வேண்டாம்னா எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்."

"திருட்டுத்தனமா எதுக்கு டாக்டர்? நான் என்ன களவா பண்றேன்?" என்றாள் அவள். "ஆகும்னா எல்லாருக்கும் தெரிஞ்சே வரேன். ஆகாதுன்னா அது ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

இமாமின் மகளும் அவள் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வண்டியை நேரே இமாம் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். இமாமுக்கு அப்படியொன்றும் வயசாகிவிடவில்லை. மனைவியைத் துணைக்கு உட்காரவைத்துக்கொண்டு, தரையில் கிடந்த பாயையே பார்த்தபடி கேட்டார். வயிற்றைக் கிழித்தது, தைத்தது, ரத்தம் போனது, டாக்டர் சொன்னது என்று இவள் ஒன்றையும் விடவில்லை. இமாமுக்குக் காது சிவந்துபோயிற்று.

"இதை யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையேம்மா!" என்றார்.

"என் வீட்டுக்காரர் வந்து கேட்டாராமே, ஹஜ்ரத்? பஞ்சர் கடை."

இமாமுக்கு நினைவு வந்தது. "ஆமா, வந்தார். தொழுகை முடிஞ்சு நாலு பேர் நிக்கும்போது கேட்டார். 'என் சிநேகிதன் ஒருத்தனுக்குப் பிள்ளை போதுமாம், ஆபரேஷன் பண்ணிக்கலாமா'ன்னார். அந்தம்மாவுக்கு நோய் நொடி ஏதும் உண்டான்னு கேட்டேன். 'சேச்சே, கல்லு மாதிரி இருக்காங்க'ன்னார். அப்படின்னா நிரந்தரமா அடைக்கிறது கூடாதுன்னு சொன்னேன்."

"அந்தச் சிநேகிதன் என் வீட்டு ஹால்லதான் படுத்திருக்கான், ஹஜ்ரத்."

இமாமின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேன்காரிக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. நோயைச் சொன்னால் எந்த வீட்டுச் சங்கதி என்று நாலு பேருக்கும் தெரிந்துவிடுமாம்! அந்தக் கூச்சத்துக்காக அரைக் கேள்வி கேட்டு, அரைப் பதிலை வாங்கிக்கொண்டு வந்து, அதை வைத்தா இத்தனை நாள் குடும்பம் நடத்தினோம்?

இமாம் நிதானமாகச் சொன்னார்: "நபியவங்க காலத்துலயே தோழர்கள் கரு தங்காம இருக்கக் கடைசி நேரத்துல விலகிக்கிறது உண்டும்மா. நபியவங்க அதைத் தடுக்கலை. அதை வச்சுத்தான் தற்காலிகமான முறைகளைப் பெரும்பாலான அறிஞர்கள் ஆகும்னு சொல்றாங்க. தங்கின கருவைக் கலைக்கிறது வேற பேச்சு. ஒரு காரணமும் இல்லாம நிரந்தரமா அடைக்கிறதும் வேற பேச்சு. தாய் உசுருக்கு ஆபத்துன்னு நம்பிக்கையான டாக்டர் சொன்னா மார்க்கச் சட்டமே இடம் கொடுக்கும். முதல்ல தற்காலிகமானதைப் பாருங்க. ஆனா ஒண்ணு, ரெண்டு பேரும் மனசொத்துச் செய்யணும். பொண்டாட்டி சம்மதம் இல்லாம புருஷன் விலகிக்கக் கூடாதுன்னே சொல்லியிருக்காங்க."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ என்னை ஒரு வார்த்தை கேக்காம ஹால்ல போய்ப் படுத்தாரே, அதுக்கு என்ன சட்டம்?"

"நல்லாக் கேட்டே" என்றாள் இமாமின் மனைவி.

இமாம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதை அவர்கிட்டயே கேளுங்கம்மா."

அவளும் கேட்கத்தான் போனாள். பஞ்சர் கடையில் அவர் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டையை மறைச்சு வச்சுக்கிட்டு ஒட்டுப் போடுன்னு ஒருத்தன் வந்து நின்னா, போடுவீங்களா?"

"அதெப்படி முடியும்?"

"அப்படித்தான் நீங்க ஹஜ்ரத்கிட்டப் போய் நின்னிருக்கீங்க."

அவர் கையிலிருந்த ட்யூப் தண்ணீரில் நழுவியது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் முகத்தில் நிம்மதியும் வெட்கமும் மாறி மாறி வந்து போயின. அப்புறம் மெதுவாக, "அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்" என்றார்.

வந்ததே கோபம் அவளுக்கு. "மூணு தடவை வயித்தைக் கொடுத்தது நான். ஒரு தடவை வாயைத் திறக்கிறது நீங்க. திறந்தாகணும்."

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, என் சிநேகிதன் ஒருத்தன்..."

அவள் கரண்டியை ணங்கென்று பாத்திரத்தில் போட்டாள்.

"இல்லம்மா. நான்தான்." அவர் தட்டையே பார்த்தார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில இவ பிழைக்கிறதே கஷ்டம்னு சொன்னாங்க. உன்கிட்ட மறைச்சுட்டேன். இன்னொரு பிள்ளை வேண்டாம்மா. தடுத்துக்கிறதுக்கு மார்க்கத்துல வழியிருக்கு, ஹஜ்ரத் சொல்லிட்டாரு. எனக்கு இவ வேணும்." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து 'நீ வேணும்' என்று அவர் வாயால் அவள் கேட்டதில்லை. அதைக்கூடத் தன் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார், பாவி மனுஷன். ஆனாலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாமி முந்தானையால் மகன் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு, "இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளாடா?" என்றார். மருமகள் பக்கம் திரும்பினார். "எனக்கு என்னமோ மனசு முழுசா ஒப்பலை. ஆனா இதுங்க மூணும் தாயில்லாம நிக்கிறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. போயிட்டு வாங்க."

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் இருவரும் அதே வேனில் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவள் ஓட்டினாள். அவர் முன் சீட்டில், மடியில் கையை வைத்துக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா காப்பர் டி போட்டு, வலி இருந்தால் என்ன செய்வது, எப்போது திரும்ப வரவேண்டும் என்று இருவருக்கும் சேர்த்தே சொன்னார். பஞ்சர் கடைக்காரர் அன்று எல்லாக் கேள்வியையும் தன் பெயரிலேயே கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாமி ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மூலையில் கிடந்த தலையணையை எடுத்துத் தூசி தட்டி மகன் நெஞ்சில் திணித்தார்.

"இதை உள்ள கொண்டுபோ. ஒரு வருஷமா என் கால்ல இடறிக்கிட்டே கிடக்கு."