குணமாகிவிட்டேன், நிற்கத்தான் முடியவில்லை

எண்ணூரில் இருமுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாம்பலும் நிலக்கரித் தூசும் கன்டெய்னர் லாரிப் புகையும் எல்லோர் தொண்டையிலும்தான் குடியிருக்கின்றன. நானும் மாதக்கணக்கில் இருமிக்கொண்டே வேலைக்குப் போனேன். அரசுப் பேருந்தில் கண்டக்டர் நான். எண்ணூருக்கும் பாரிமுனைக்கும் இடையில் ஓடுகிற வண்டி. ஒருநாள் ராயபுரத்தில் விசில் ஊதிவிட்டு வாயிலிருந்து எடுத்தால், விசிலின் முனையில் இரத்தம். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் என்றார்கள் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய், எங்கள் பக்கத்தில் டி.பி. என்றால்தான் புரியும்). இப்போது அதே நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது கோபம். அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

புத்தாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகளெல்லாம் கூடிப் புத்தாயிர வளர்ச்சி இலக்குகள் என்று சில உறுதிகள் எடுத்திருந்தன. வறுமை, குழந்தைச் சாவு, பிரசவச் சாவு, காசநோய் எல்லாவற்றையும் இன்ன ஆண்டுக்குள் குறைப்போம் என்பது பேச்சு. எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தின் சுவரிலும் அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மாத்திரைக்கு ஒரு பைசா வாங்கவில்லை.

ஆனால் மாத்திரையை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயே போய், நர்ஸ் பார்க்கும்படி விழுங்க வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. நியாயம்தான். அந்த நிலையம் காலையில் ஆபீஸ் நேரத்துக்குத் திறக்கும், மதியத்தோடு மூடிவிடும். என் வண்டி விடிவதற்கு முன்பே டிப்போவை விட்டுக் கிளம்பிவிடும். டூட்டி முடிந்து நான் வந்து நின்றால் கதவில் பூட்டுத் தொங்கும்.

"மாத்திரையைக் கையில குடுத்துடுங்க சிஸ்டர். எம் பொண்டாட்டி முன்னாடி முழுங்கறேன், அவ உங்களுக்கு மேல ஸ்ட்ரிக்ட்டு" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ரூல் இல்லைங்க. நீங்கதான் வரணும்."

"நான் வர்றப்ப நீங்க இருக்க மாட்டீங்களே."

அவர் அடுத்த ஆளின் அட்டையை எடுத்தார். பாவம், ரூல் போட்டது அவரா?

லீவு இருந்தவரை ஒழுங்காகப் போனேன். லீவு தீர்ந்து டூட்டியில் ஏறியதும் ஒரு நாள் விட்டது, இரண்டு நாள் விட்டது, பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது. என் அட்டையில் "சிகிச்சையை இடைநிறுத்தியவர்" என்று எழுதினார்கள், அவர்கள் பேச்சில் டிஃபால்டர். படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. நிறுத்தியவன் நானா? கதவைப் பூட்டியவன் நானா?

இப்படி இடைநிறுத்தியவர்களுக்கு இரண்டாவது சுற்று கடினமானது. மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உண்டு (காசநோய்க் கிருமியைக் கொல்லும் பழைய மருந்து, சிலருக்குக் காதைத் தாக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது). வாரம் மூன்று நாள், இடுப்பில். டிப்போவில் இந்த முறை பேசாமல் நீண்ட லீவு கொடுத்தார்கள். இருமலும் காய்ச்சலும் விலகின. சோறு இறங்கியது.

ஊசி ஆரம்பித்து ஒரு மாதம் போல ஆனபோது தரை ஆட ஆரம்பித்தது.

இங்கேதான் நான் ஏமாந்தேன். வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் உடனே பயந்திருப்பான். கண்டக்டருக்குத் தரை ஆடுவது புதிதல்ல. நாள் முழுக்க ஓடுகிற வண்டியில் நின்றுவிட்டு வந்து பாயில் படுத்தால் பாயும் பிரேக் போடும், பள்ளத்தில் இறங்கும். எங்களுக்குள் அதற்கு வண்டி ஆட்டம் என்று பெயர். என்னைப் பார்க்க வந்த டிரைவர் தாஸும் அதையேதான் சொன்னான். பத்து வருடம் நானும் அவனும் ஒரே வண்டி.

"அது வண்டி ஆட்டம்டா மாமு. லீவுல குந்திகினு கீறேல்ல, காலு பஸ்ஸைத் தேடுது. டூட்டில ஏறுனா செரியாப் பூடும்."

நானும் சிரித்தேன். என் கால்களுக்கு என் வேலை மேல் அவ்வளவு ஆசை என்று பெருமையாகக்கூட இருந்தது.

என் மனைவி மல்லிகாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவன், அப்படியே சாய்ந்து பக்கெட்டோடு விழுந்தேன். ஓடி வந்து தூக்கினாள்.

"இன்னாய்யா இது, குட்ச்சவன் கணக்கா வுயுந்துகினு கீற? வண்டி ஆட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மொதல்ல அந்த டாக்டராண்ட போய்ச் சொல்லு."

சொன்னேன். இது முக்கியம், அதனால் மறுபடி எழுதுகிறேன்: சொன்னேன். சுகாதார நிலையத்து டாக்டர் இளவயதுக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பார். அட்டையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"வீக்னஸ்தான். முட்டை சாப்பிடுங்க. இன்னும் கொஞ்சம் ஊசிதான் பாக்கி. இப்போ நிறுத்தினா மறுபடியும் டிஃபால்டர் ஆயிடுவீங்க, நம்ம ஏரியா டார்கெட்டும் போயிடும்."

டார்கெட் எனக்குத் தெரியாத சொல்லா? எங்கள் டிப்போவிலும் வசூலுக்கு டார்கெட் உண்டு. அது டிக்கெட்டுக்கு. நான் என்ன டிக்கெட்டா? இதை அன்றே கேட்டிருக்க வேண்டும். ஆனால் மறுபடி டிஃபால்டர் என்ற சொல் வாயை அடைத்துவிட்டது. இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லா ஊசியும் முடிந்தது. மிச்ச மாத்திரையும் முடிந்தது. சளியில் கிருமி இல்லை. அட்டையில் "குணமடைந்தவர்" என்று எழுதி, வேலைக்குத் தகுதி என்று சான்றிதழும் கொடுத்தார்கள். சிஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் சந்தோஷம்தான். வரும் வழியில் மல்லிகாவுக்கு மல்லிகைப்பூ வாங்கினேன்.

மறுநாள் டூட்டி. கண்டக்டருக்குப் பின்பக்கம் சீட்டு உண்டே, உட்கார்ந்துகொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எண்ணூர் வண்டியில் உட்கார்ந்தால் பாதிப் பேர் டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் போவார்கள். கூட்டத்துக்குள் நுழைந்து நடக்க வேண்டும். நடந்தேன். ஜன்னலுக்கு வெளியே கட்டிடங்கள் எல்லாம் குதித்தன. டோல்கேட் தாண்டி ஒரு சின்னப் பள்ளம், தாஸ் லேசாகத்தான் பிரேக் போட்டான். நான் போய் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் மேல் விழுந்தேன். பை திறந்து சில்லறை வண்டி முழுக்க ஓடியது.

"பட்டப்பகல்லயே ஊத்திகினு வந்துகிறான் பாரு பேமானி! பொம்பள மேல வுயறான்!"

அந்த மீன்காரி போட்ட கூச்சலில் வண்டியே சிரித்தது. தாஸ் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "அவன் குடிக்க மாட்டான்மா, வாயை அடக்கு" என்று கத்தினான். யார் கேட்டார்கள்? டிப்போவுக்குப் போனதும் என் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார்கள். வாழ்க்கையில் பீடிகூடத் தொடாதவன் நான். மோந்து பார்த்தவர் நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்னை அறிந்தவர். அன்று டிப்போவுக்குப் பின்னால் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

தாஸ்தான் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். காது மூக்குத் தொண்டைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், அவர் மேலேயே விழுந்தேன். பிறகு காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டார். நல்ல காது உள்ளவருக்கு அப்போது தலை கிறுகிறுவென்று சுற்றுமாம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, காது ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

"உள்காது போயிடுச்சு" என்றார் (காதின் ஆழத்தில் இருந்துகொண்டு உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்ளும் உறுப்பு). "அந்த ஊசியோட வேலை. ஆட ஆரம்பிச்ச உடனே மருந்தை மாத்தியிருந்தா இவ்வளவு போயிருக்காது. நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன் டாக்டர்."

அவர் என் அட்டையை வாங்கி ஊசி போட்ட தேதிகளைப் பார்த்தார். பிறகு, போனது திரும்பி வராது, ஆனால் கண்ணையும் பாதத்தையும் பழக்கினால் நடக்கலாம் என்றார். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, பார்வையை அதிலேயே வைத்துத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தைக் காட்டி உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டேன். டிப்போவில் உதட்டைப் பிதுக்கினார்கள். "ஒரு டாக்டர் ஃபிட்டுங்கறாரு, இன்னொருத்தர் அன்ஃபிட்டுங்கறாங்க. நாங்க எதை நம்புறது? ஃபிட் குடுத்தவரையே மாத்தி எழுதச் சொல்லு." அதுவரை சம்பளம் கிடையாது.

சுகாதார நிலையத்து டாக்டர் மாற்றி எழுத மறுத்தார். "உங்களுக்கு டி.பி. குணமாயிடுச்சா இல்லையா? அதைத்தானே எழுதியிருக்கேன். ஊசியால வந்ததுன்னு நான் எழுதினா நாளைக்கு எல்லாரும் ஊசி வேணாம்னு ஓடுவாங்க." அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காக நான் விழுந்துகொண்டே இருக்க வேண்டுமா?

அடுத்த மாதம் அதே நிலையத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். எங்கள் பகுதி காசநோய் இலக்கை எட்டிவிட்டதாம். மேலதிகாரி வருகிறாராம். குணமடைந்தவர்களுக்கு மேடையில் பொன்னாடை.

"போவாத. பொன்னாடையை வெச்சிகினு இன்னா பண்றது, வடாம் காய வெக்கவா?" என்றாள் மல்லிகா.

"போறேன்மே. ஒரு வேல கீது."

திருவொற்றியூரில் ஒரு பள்ளி மைதானம், பந்தல், பகல் வெளிச்சம். முன்வரிசையில் பெரிய மனிதர்கள். பின்வரிசைகளில், இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களைக் கைக்குட்டையால் வாயைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். மேலதிகாரி உலக இலக்குகளைப் பற்றிப் பேசினார், கெட்ட மனிதராகத் தெரியவில்லை. என்னை அழைத்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். டாக்டர் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, "மருந்தை ஒழுங்கா சாப்பிட்டேன், குணமாயிட்டேன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று காதோரம் சொன்னார்.

மைக்கைப் பிடித்தேன். "எல்லாரும் தயவுசெஞ்சு எழுந்து நில்லுங்க. காலைச் சேத்து வெச்சுக்குங்க. கண்ணை மூடுங்க."

பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்கள். மேலதிகாரி உட்பட எல்லோரும் எழுந்து கண்ணை மூடினார்கள்.

"யாராவது வுயுந்தீங்களா? இல்லல்ல? செரி, கண்ணைத் தெறங்க. இப்ப குணமானவனைப் பாருங்க."

மைக்கை விட்டேன். காலைச் சேர்த்தேன். கண்ணை மூடினேன். எதையும் பிடிக்கக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடினால் எனக்கு மேல் எது, கீழ் எது என்று கிடையாது. விழுவதே தெரியாது, மேடைப் பலகை வந்து முகத்தில் அடித்தபிறகுதான் தெரியும். அடித்தது. உதடு கிழிந்தது.

டாக்டர் மைக்கை எடுத்து, "மயக்கம், மயக்கம், ஒண்ணுமில்லை" என்றார்.

"மயக்கம் இல்ல சார்" என்றேன் தரையிலிருந்தே. "ஊசி. ஆடுதுன்னு உங்களாண்ட சொன்னேன். டார்கெட்டுன்னீங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கைக்குட்டையை இறக்கிவிட்டு எழுந்தாள். அவள் பெயர் சரோஜா, காசிமேட்டில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்து அடிக்கிறவள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"எனுக்கும் அப்டித்தான் சார் ஆடுது. ஊசி போட்ட அப்பாலதான். சொன்னா திட்டுவாங்கன்னு கம்முனு கீறேன்."

இன்னொரு ஆளும் கையைத் தூக்கினார். மேலதிகாரி மேடையை விட்டு இறங்கி, நேராக அவர்களிடம் போய் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கே இருவருக்கும் ஊசியை நிறுத்தி மருந்தை மாற்றினார்கள். சரோஜா இப்போதும் ஐஸ் அடிக்கிறாள், நின்றுகொண்டு. இருட்டில் மட்டும் கொஞ்சம் ஆடுகிறதாம்.

எனக்கும் டாக்டர் மாற்றி எழுதிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார். டிப்போவில் கண்டக்டர்களுக்கு டிக்கெட் கட்டு எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். காலை வெளிச்சத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போவதைப் பார்க்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. நல்லது நடந்துவிட்டது, விட்டுத்தள்ளு என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

மருந்து சாப்பிடுகிறவர்களே, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டி.பி. கொல்லும். ஆனால் தரை ஆடினாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, அன்றே சொல்லுங்கள். கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். கத்திச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

என் உடம்பு இப்போது கண்ணால் நிற்கிறது. வெளிச்சம் இருக்கும்வரை நான் முழு ஆள். சாயங்காலம் ஆனால் கணக்கு மாறிவிடும், எங்கே இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது மல்லிகாவின் உத்தரவு. எங்கள் பக்கத்தில் கரண்டுக்குச் சொல்ல வேண்டுமா, நேற்றும் போனது. வீட்டு நடுவில், கைக்கு எட்டும் தூரத்தில் சுவர்கூட இல்லாமல் நின்றேன். அவள் அடுப்படியில் தீப்பெட்டியைத் தேடுகிற அந்தக் கொஞ்ச நேரம், எண்ணூரிலிருந்து பாரிமுனை வரை வண்டி ஓடும் ஒரு முழு நடையைவிட நீளம்.

"யோவ், கீறியா?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

"கீறேன். சீக்கிரம் வா."